மேடைப் பேச்சுக்கு சிறையா? மீனவர் கைதுகளும் இரண்டு தலைவர்களின் வழக்குகளும்

மரக்காணத்தில் உப்பளப் பாத்திகளைத் தாண்டினால் மீனவக் குப்பங்கள்தான். ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்துச் சென்றால், அந்தச் செய்தி செல்போனில் இந்தக் கரைக்கும் வந்துவிடும். அடுத்து, எங்காவது ஒரு கண்டன ஆர்ப்பாட்டம். மேடையில் ஒருவர் கொதித்துப் பேசுவார். பிடிபட்டவர்களை மீட்க டெல்லி கொழும்புடன் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்தப் பேச்சுக்கு வழக்குப் போடுவதா, கண்டும் காணாமல் விடுவதா?

2010 ஜூலையில் தமிழக அரசு முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. வேதாரண்யம் பகுதி மீனவர் ஒருவர் கடலில் கொல்லப்பட்டதைக் கண்டித்து சென்னையில் சீமான் பேசினார். தமிழக மீனவர்களைத் தாக்கினால் இங்குள்ள சிங்களவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது என்ற பொருளில் அவர் பேசியதாகப் புகார். கைதானவர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை ஒருவரை உள்ளே வைக்கும் சட்டம் அது. வேலூர் சிறையில் சுமார் 5 மாதங்கள். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

வைகோவின் கதை இன்னும் நீளம். 2002 ஜூன் 29-ல் திருமங்கலம் கூட்டத்தில், விடுதலைப் புலிகளை ஆதரித்தேன், ஆதரிக்கிறேன், ஆதரிப்பேன் என்றார். ஜூலை 11-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பியவரை சென்னை விமான நிலையத்திலேயே பொடாவில் கைது செய்தார்கள். நாடாளுமன்றத்தில் பொடாவை ஆதரித்த கட்சிகளில் அவருடைய ம.தி.மு.க.வும் ஒன்று என்பதுதான் வேடிக்கை! 19 மாதங்கள் சிறையில் இருந்தார்.

ஆனால், பொடாவை எதிர்த்த வழக்குகளில் 2003 டிசம்பர் 16-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கம் இருக்க வேண்டும், வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது. அனுதாபிக்கும் கூட்டாளிக்கும் நடுவே விழுந்த கோடு இது. மறுவருடமே பொடாவும் போய்விட்டது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2009-ல் சென்னை ராணி சீதை மன்றத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ மீது தேசத்துரோக வழக்கு. பத்து ஆண்டுகள் இழுத்து, 2019 ஜூலை 5-ல் ஓராண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் அவர் மாநிலங்களவைக்குப் போனார். பத்து வருடம் கழித்து வரும் தண்டனையால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோன்றுகிறது.

பழைய தேசத்துரோகப் பிரிவு இப்போது இல்லை. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-வது பிரிவு இருக்கிறது. நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிக்கும் பேச்சுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். ஆக, யோசிக்க வேண்டிய பொறுப்பு அரசிடம்தான்.

சிறைப்பட்ட மீனவர்கள் மீண்டது வேறு வழியில். 2011-ல் கைதான 5 தமிழக மீனவர்களுக்கு 2014 அக்டோபர் 30-ல் கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ராமேஸ்வரம் கொந்தளித்தது. பிரதமர் மோடி தொலைபேசியில் பேசினார். மூன்றே வாரத்தில் அதிபர் ராஜபக்சே பொதுமன்னிப்பு தந்தார். ஐவரும் வீடு திரும்பினார்கள்.