வெள்ளத்தில் போன குறிப்புகள், பழுதான கணினி: துப்பாக்கிச் சட்ட ஆய்வில் நூலை நம்புவதா, இணையத்தை நம்புவதா?

2015 டிசம்பர் 2ஆம் தேதி, கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் அரசு ஊழியர்கள் கூடியிருந்த அரங்குக்குள் ஒரு கணவனும் மனைவியும் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டில் அமெரிக்காவில் நடந்த 355ஆவது ‘மாஸ் ஷூட்டிங்’ இது என்று ஊடகங்கள் பலவும் எழுதின. அதே வாரம் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் மார்க் ஃபோல்மன் என்ற பத்திரிகையாளர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கணக்கில் அந்த ஆண்டு நடந்தவை வெறும் 4.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. 355 என்பது தன்னார்வலர்கள் நடத்திய ஓர் இணையப் பட்டியலின் எண்ணிக்கை. ஒரே சம்பவத்தில் நான்கு பேர் மீது குண்டு பட்டால் அது பட்டியலில் ஏறிவிடும். யாரும் செத்திருக்க வேண்டியதில்லை. ஃபோல்மன் ‘மதர் ஜோன்ஸ்’ இதழுக்காகப் பராமரித்த பட்டியலோ, பொது இடத்தில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் கொன்றுகுவிக்கும் தாக்குதல்களை மட்டும் எடுத்துக்கொண்டது. கும்பல் தகராறு, கொள்ளை, வீட்டுக்குள் நடக்கும் கொலை எதுவும் அதில் வராது. முதல் எண் ஏழைக் குடியிருப்புகளில் அன்றாடம் நடக்கும் துப்பாக்கிச்சூட்டைக் காட்டுகிறது. இரண்டாவது எண், பள்ளியிலும் திரையரங்கிலும் முன்பின் தெரியாதவர்களைச் சுடும் கொடூரத்தைக் காட்டுகிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நம் நாளிதழ்களின் உலகச் செய்திப் பக்கத்திலும் ‘இந்த ஆண்டில் இது இத்தனையாவது சம்பவம்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. என்ன அளவுகோலில் எண்ணினார்கள் என்பது மட்டும் அதோடு வருவதில்லை.

துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிக் கட்டுரை எழுதும் மாணவருக்குப் பேராசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: இணையத்தை நம்பாதே, நூலகத்துக்குப் போய் நல்ல பதிப்பகத்தின் புத்தகத்தை எடு. பல துறைகளில் இது சரியான யோசனைதான். இந்தத் துறையில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. இதை இரண்டு புத்தகங்களின் கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

எமரி பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் மைக்கேல் பெலசீல்ஸ் எழுதிய ‘ஆர்மிங் அமெரிக்கா’ 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதிப்பகம் நாஃப், இதைவிடப் பெயர் பெற்ற பதிப்பகம் அமெரிக்காவில் அதிகம் இல்லை. உள்நாட்டுப் போருக்கு முன்பு சாதாரண அமெரிக்கர்கள் வீட்டில் துப்பாக்கி அரிதாகவே இருந்தது, ‘துப்பாக்கிக் கலாச்சாரம்’ என்பதே பின்னாளில் உருவானது என்பது நூலின் வாதம். கட்டுப்பாட்டை ஆதரித்தவர்களுக்கு இது தேனாக இனித்தது. அமெரிக்க வரலாற்று நூல்களுக்கான மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றான பான்கிராஃப்ட் பரிசு 2001இல் கிடைத்தது. நூலின் அடித்தளம், இறந்தவர்கள் விட்டுச்சென்ற உடைமைகளை நீதிமன்றம் எழுதி வைத்த பழைய பட்டியல்கள். ஆயிரக்கணக்கில் பார்த்ததாகவும் அவற்றில் சில பட்டியல்களில்தான் துப்பாக்கி இருந்ததாகவும் பெலசீல்ஸ் எழுதியிருந்தார்.

கிளேட்டன் க்ரேமர் என்ற மென்பொருள் பொறியாளர் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மூலத்தோடு ஒப்பிட்டார். பல இடங்களில் மூலம் ஒன்று சொல்ல, நூல் வேறொன்று சொன்னது. அவர் துப்பாக்கி உரிமை ஆதரவாளர் என்பதால் வரலாற்றுத் துறையினர் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் லிண்ட்கிரென் அதே உடைமைப் பட்டியல்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். நூல் சொன்னதைவிடப் பல மடங்கு துப்பாக்கிகள் இருந்தன. பெலசீல்ஸ் பார்த்ததாகக் குறிப்பிட்ட சான் பிரான்சிஸ்கோ ஆவணங்கள் 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோனவை. கைக்குறிப்புகளைக் காட்டச் சொன்னபோது, அலுவலகத்தில் தண்ணீர் புகுந்து அவை நாசமாகிவிட்டன என்றார். 2002இல் அவர் வேலையை விட்டு விலகினார். கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்றது.

எதிர்ப்பக்கத்தில் ஜான் லாட். பொருளியல் அறிஞரான இவரது ‘மோர் கன்ஸ், லெஸ் க்ரைம்’ 1998இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல மக்களுக்கு அனுமதி தந்த மாநிலங்களில் குற்றம் குறைந்தது என்பது அவர் முடிவு. துப்பாக்கி உரிமைக்காரர்கள் மேடைதோறும் இந்த நூலை மேற்கோள் காட்டினார்கள். தற்காப்புக்குத் துப்பாக்கி எடுப்பவர்களில் 98 சதவீதம் பேருக்கு அதைக் காட்டினாலே போதுமானதாக இருந்தது என்று ஒரு வரியும் அதில் இருந்தது. ஆதாரம் கேட்டபோது, 1997இல் தானே நடத்திய தொலைபேசிக் கணிப்பு அது, கணினி பழுதாகித் தரவு போய்விட்டது என்றார் லாட். இதைத் துருவியவரும் அதே லிண்ட்கிரென்தான். 2002இல் லாட் மறுபடியும் ஒரு கணிப்பு நடத்தினார்; முதல் கணிப்பைப் பற்றிய சந்தேகம் அதனால் தீரவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு வாலும் உண்டு. இணையத்தில் மேரி ராஷ் என்ற பெண் லாட்டின் முன்னாள் மாணவியாக அறிமுகப்படுத்திக்கொண்டு, தனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களிலேயே சிறந்தவர் அவர் என்று புகழ்ந்து, அவரை விமர்சித்தவர்களோடு மல்லுக்கு நின்றார். 2003 ஜனவரியில் ஒரு வலைப்பதிவர் இணைய முகவரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, மேரி ராஷ் வேறு யாருமல்ல, லாட்டேதான் என்று கண்டுபிடித்தார். லாட்டும் ஒப்புக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் லாட்டுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். நூலின் மைய வாதத்துக்கான மாவட்டவாரிக் குற்றத் தரவுகளை அவர் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அதனால்தான் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு அவற்றை மறுபடி அலசிப் பார்க்க முடிந்தது. அனுமதிச் சட்டத்தால் குற்றம் குறைந்ததா கூடியதா என்று முடிவு சொல்ல இந்தச் சான்று போதாது என்று அது 2004இல் அறிவித்தது. ஓர் உறுப்பினர் மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார். தவறான முடிவாக இருந்தாலும், மற்றவர் சோதித்துப் பார்க்க முடிந்த முடிவுக்கு ஆராய்ச்சியில் இடம் உண்டு. வெள்ளத்தில் போன குறிப்புகளுக்கு இடமில்லை.

இரண்டு முகாம்களிலும் நம்பத்தக்க எண்களுக்கு இப்படித் தட்டுப்பாடு ஏன்? இங்கேதான் அரசியல் வருகிறது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் என்று ஆர்தர் கெல்லர்மன் குழு 1993இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதியது. பணம் கொடுத்தது நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் தேசிய ரைஃபிள் சங்கம் கொதித்தெழுந்தது. 1996இல் ஆர்கன்சா உறுப்பினர் ஜே டிக்கியின் பெயரால் நாடாளுமன்றம் ஒரு விதியைச் சேர்த்தது: துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க சிடிசி தன் நிதியைச் செலவிடக் கூடாது. ஆராய்ச்சிக்குத் தடை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த மையம் துப்பாக்கி ஆய்வுக்குச் செலவிட்டுவந்த 26 லட்சம் டாலர் அப்படியே வெட்டப்பட்டது. குறிப்பறிந்த அதிகாரிகள் அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். 2012இல் டிக்கியே மனம் மாறி, ஆராய்ச்சி தேவை என்று எழுதினார். பணம் திரும்பி வர 2019 இறுதி வரை ஆனது, ஆண்டுக்கு 2.5 கோடி டாலர், அதுவும் இரண்டு நிறுவனங்களுக்குப் பங்கு.

இது போதாதென்று, குற்றத்தில் பிடிபட்ட துப்பாக்கி எந்தக் கடையில் விற்றது என்ற விவரத்தை வெளியாருக்குத் தர 2003 முதல் கட்டுப்பாடு வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மத்திய அரசுத் தடமறியும் மையத்தில், மூடிய கடைகளின் பதிவேடுகள் பெட்டி பெட்டியாகக் குவிந்திருக்கின்றன. உரிமையாளர் பெயரைப் போட்டுத் தேடும் வசதியை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் கண்டுபிடிக்கிறார்கள். கூகுள் பிறந்த நாட்டில்!

அரசுத் தரவு இல்லாத இடத்தைத் தொலைபேசிக் கணிப்புகள் பிடித்துக்கொண்டன. தற்காப்புக்கு அமெரிக்கர்கள் ஆண்டுக்கு 25 லட்சம் முறை துப்பாக்கியைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேரி க்ளெக்கும் மார்க் கெர்ட்ஸும் 1995இல் கணித்தார்கள். சுமார் 5,000 பேரிடம் கேட்டு நாடு முழுவதற்கும் பெருக்கிய எண் இது. அரசின் குற்றப் பாதிப்புக் கணிப்பிலிருந்து வரும் எண் ஒரு லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அரிதாக நடக்கும் ஒன்றை இப்படிக் கேட்டுப் பெருக்கும்போது, நூறில் ஒருவர் ஞாபகப் பிசகால் ‘ஆம்’ என்றாலும் விடை லட்சக்கணக்கில் வீங்கிவிடும் என்பது டேவிட் ஹெமன்வே போன்ற ஆய்வாளர்களின் மறுப்பு. எனக்கு அந்த மறுப்பு வலுவாகத் தெரிகிறது. ஆனாலும் 25 லட்சம் என்ற எண் இன்றும் பல தளங்களில் தேதியில்லாமல், மூலமில்லாமல் உலா வருகிறது.

சிடிசியின் இணையப் பக்கம் வெகுநாள் இந்த வீச்சை, 60,000 முதல் 25 லட்சம் வரை என்று, ஒரு வாக்கியத்தில் தந்திருந்தது. கட்டுப்பாட்டு ஆதரவாளர்கள் சிலர் அதிகாரிகளைச் சந்தித்து ஆட்சேபித்த பிறகு 2022இல் அந்த எண்கள் காணாமல் போயின. தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த மின்னஞ்சல்கள் இல்லாவிட்டால் ஏன் நீக்கினார்கள் என்று வெளியே தெரிந்திருக்காது. அடுத்த முறை நீக்கியவர்கள் எதிர்முகாம். துப்பாக்கி வன்முறை பொதுச் சுகாதார நெருக்கடி என்று 2024 ஜூனில் சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கையை, ஆட்சி மாறியதும் 2025 மார்ச்சில் அரசுத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பெலசீல்ஸின் நூலோ பரிசு பறிபோன பிறகும் நூலகங்களில் இருக்கிறது. விரும்புகிறவர் எடுத்து, எந்தப் பக்கத்தில் என்ன தவறு என்று காட்டலாம். இணையப் பக்கம் அப்படி நிற்காது. 1996 முதல் இயங்கும் இண்டர்நெட் ஆர்க்கைவ் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கிறது. அரசுப் பக்கத்தை மேற்கோள் காட்டுகிறவர் பார்த்த தேதியைக் குறித்துக்கொண்டு அங்கே ஒரு நகலும் வைத்துவிடுவது நல்லது.

அரசு முத்திரை விழுந்த எண் என்பதாலும் நம்பிவிட முடியாது. 2015-16 கல்வியாண்டில் ஏறத்தாழ 240 பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு நடந்ததாகக் கல்வித் துறை வெளியிட்டது. என்பிஆர் வானொலி பள்ளி பள்ளியாகக் கேட்டபோது 11தான் உறுதியானது. தனியார் அமைப்புகளின் எண்ணும் அப்படித்தான். 2018 பிப்ரவரியில் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டதும், அந்த ஆண்டின் 18ஆவது பள்ளித் துப்பாக்கிச்சூடு இது என்று, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் எவ்ரிடவுன் அமைப்பு சொன்ன கணக்கு காட்டுத்தீயாகப் பரவியது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ சரிபார்த்ததில், அவற்றுள் ஒன்று மாதக்கணக்காக மூடிக்கிடந்த ஒரு பள்ளியின் வாகன நிறுத்தத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட சம்பவம்.

மாற்றத்தை வெளிப்படையாகச் செய்யும் தளங்களும் இருக்கின்றன. ராண்ட் நிறுவனம் துப்பாக்கிச் சட்டங்களின் விளைவு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் சான்றும் எவ்வளவு வலுவானது என்று தரம் பிரிக்கிறது. மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியால் கொலைகள் கூடுகின்றனவா என்பதற்கு 2018இல் அது முடிவு சொல்லவில்லை. புதிய ஆய்வுகள் வந்த பிறகு, கூடுகின்றன என்பதற்குச் சான்று இருப்பதாகப் பின் பதிப்புகளில் மாற்றியது. எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்பது பார்த்தாலே தெரியும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டங்கள் பலன் தருகின்றன என்பதில் அது முதலிலிருந்தே உறுதியாக இருக்கிறது. லாட்டின் நூலைப் படிக்கிறவர் பக்கத்திலேயே இந்தத் தளத்தையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் புத்தகம் எதற்கு? கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர், பாதிக்கு மேல், தற்கொலை செய்துகொண்டவர்கள். சம்பவங்களை உடனுக்குடன் எண்ணும் தளங்களில் தற்கொலை தனித்தனிச் செய்தியாக வருவதில்லை. தேடுபொறியில் ‘கன் கன்ட்ரோல்’ என்று தட்டினால் வருவது பள்ளியும் தாக்குதல் ரைஃபிளும்தான். ஃபிலிப் குக்கும் கிறிஸ்டின் காஸும் எழுதிய ‘தி கன் டிபேட்’ போன்ற நூலை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தவருக்குத்தான் பிரச்சினையின் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்பது பிடிபடும். ஆடம் விங்க்லரின் ‘கன்ஃபைட்’ நூல் உரிமையும் கட்டுப்பாடும் அந்நாட்டில் ஒன்றாகவே வளர்ந்த கதையைச் சொல்கிறது. அதையும் துண்டு துண்டான இணையப் பக்கங்களிலிருந்து கோத்தெடுக்க முடியாது.

சட்டத்தின் இன்றைய நிலையைத் தெரிந்துகொள்ள மட்டும் இந்த நூல்கள் உதவாது. தனிமனிதர் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் 5-4 என்ற கணக்கில் ஏற்றது. 2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில் நீதிபதி க்ளாரன்ஸ் தாமஸ் புதிய விதி வகுத்தார்: ஒரு கட்டுப்பாடு செல்ல வேண்டுமானால், அந்நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு ஈடான சட்டம் இருந்திருக்க வேண்டும். 2024இல் ரஹிமி வழக்கில் அதே நீதிமன்றம் 8-1 என்று அந்த விதியைச் சற்றுத் தளர்த்தியது. இடையில் அச்சான நூல்கள் இரண்டு ஆண்டிலேயே பழையவையாகிவிட்டன.

ப்ரூயனுக்குப் பிறகு 18ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் திடீரென்று இன்றைய வழக்குகளின் ஆயுதமாயின. டியூக் பல்கலைக்கழகம் பழைய துப்பாக்கிச் சட்டங்களைத் திரட்டி வைத்த இணையக் களஞ்சியத்தை இரு தரப்பு வழக்கறிஞர்களும் புரட்டத் தொடங்கினார்கள். எந்தப் பழைய சட்டத்தை யார் எப்படிப் பொருள்கொள்வது என்ற பெலசீல்ஸ் காலத்துச் சண்டை நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டது. 2022 அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்தின் மத்திய நீதிபதி கார்ல்டன் ரீவ்ஸ், தண்டனை பெற்ற ஒருவர் துப்பாக்கி வைத்திருந்த வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தார். நீதிபதிகள் வரலாற்றாசிரியர்கள் இல்லையே, நீதிமன்றத்துக்கு உதவ ஒரு வரலாற்றாசிரியரை நியமிக்கட்டுமா என்று அவர் இரு தரப்பையும் எழுத்தில் கேட்டார். தேவையில்லை என்று பதில் கொடுத்தது அரசுத் தரப்பு.