புத்தாண்டும் முதற் சாலும்

சித்திரை பிறந்தால் எங்கள் வீடுகளில் நேரம் பார்த்துச் செய்யப்படும் கருமங்கள் பல. மருத்துநீர் வைத்து நீராடுகின்றோம். பெரியோரிடம் கைவிசேடம் பெறுகின்றோம். வணிகர் புதுக்கணக்குத் தொடங்குகின்றனர். கமக்காரர் ஏர்மங்கலம் செய்கின்றனர். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நேரத்தைச் சற்று வேறாகக் கணிப்பதால், எதனைக் கொள்வதென்று கணவனும் மனைவியும் வழக்காடும் வீடுகளையும் நாம் அறிவோம். இவற்றுள் ஏர்மங்கலத்தைச் சிறிது உற்று நோக்குதல் வேண்டும். அன்று எவரும் வயல் முழுவதையும் உழுது முடிப்பதில்லை. குறித்த நேரத்தில், குறித்த நிலத்தில், ஓரிரு சால் ஓட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர்.

நாம் செய்யும் புத்தாண்டுத் தீர்மானமோ இதற்கு நேர்மாறானது. வயல் முழுவதையும் மனத்தால் ஒரே நாளில் உழுதுவிடுகின்றோம். மறுநாள் கலப்பையை எங்கே வைத்தோம் என்பதே தெரிவதில்லை. பிறரைக் குறைகூறுதற்காக இதனை எழுதவில்லை. எமது நாட்குறிப்புகளிலே, "அம்மாவிடம் பழைய கதைகளைக் கேட்டு எழுதிவைத்தல்" என்னும் ஒரே வாசகம் ஒன்பது புத்தாண்டுகளில் ஒன்பது முறை எழுதப்பட்டிருக்கின்றது. கையெழுத்து ஆண்டுக்காண்டு அழகாகி வந்ததேயன்றி, ஒரு கதையேனும் கொப்பியில் ஏறவில்லை. இதற்குக் காரணம் எமது சோம்பலே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணத்தைத் திருத்தியவன் எமது மாணவன் ஒருவன். சித்திரை விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கிய நாளில், உயர்தர வகுப்பினரிடம் ஆளுக்கொரு தீர்மானம் எழுதித் தருமாறு கேட்டோம். "நன்றாகப் படிப்பேன்", "நேரத்தை வீணாக்கேன்", "கைத்தொலைபேசியைத் தொடமாட்டேன்" என்றவாறே தாள்கள் வந்தன. ஒருவன் மட்டும், "பின்னேரம் ஐந்து மணிக்குக் கிணற்றடியில் முகம் கழுவி வந்தவுடன், விறாந்தை மேசையில் இரசாயனவியல் வினா இரண்டு செய்வேன்" என்று எழுதியிருந்தான். கிணற்றடி என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பே நகைத்தது. ஆண்டிறுதியில் அத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, நகைத்தவருட் பலர் தாம் எழுதியது இன்னதென்பதையே மறந்திருந்தனர். அவனிடமோ நிறைந்த கொப்பிகள் மூன்று இருந்தன.

இப்பையன் தானாகக் கண்டுகொண்டதை உளவியலாளரும் ஆராய்ந்திருக்கின்றனர். ஜேர்மனிய உளவியலாளரான பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, நத்தார் முன்னிரவைக் கழித்த விதம் பற்றி இரண்டு நாட்களுக்குள் எழுதியனுப்புமாறு மாணவரைக் கேட்டனர். ஒரு சாராரிடம் மட்டும், எப்போது, எவ்விடத்திலிருந்து எழுதுவர் என்பதையும் முன்கூட்டியே குறிக்கச் செய்தனர். குறித்தவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதியனுப்பினர். மற்றையோருள் மூன்றிலொரு பங்கினரே அனுப்பினர். எமது ஒன்பது வாசகங்களில் நாளுமில்லை, நேரமுமில்லை, கதிரையுமில்லை என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

தொடங்கியபின் தவறுதல் வேறொரு சங்கடம். மூன்றாம் நாள் ஒருமுறை தவறினால், "இனி அடுத்த வருடந்தான்" என்று கைகழுவிவிடுவோர் நம்மில் அநேகர். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் (1706 - 1790) தமது சுயசரிதையிலே கூறும் ஒரு செய்தி இவர்களுக்கு ஆறுதலளிக்கக்கூடும். அவர் பதின்மூன்று நற்குணங்களைத் தெரிந்து, கிழமைக்கு ஒன்றாகப் பயின்றார். ஆண்டுக்கு நான்கு சுற்று. தவறிய நாளுக்கெல்லாம் ஒரு சிறு புத்தகத்தில் கரும்புள்ளி இட்டார். புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டைகள் விழுந்துவிட்டன. ஈற்றில் ஈரப் பஞ்சினால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார். ஒழுங்கு என்னும் குணம் அவருக்கு இறுதிவரை கைவரவில்லை. மறைக்காமல் அதனையும் எழுதிவைத்தார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவர்தம் குழுவினரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர், மதிய உணவோடு ஒரு குவளை நீர் அருந்துதல் போன்ற ஒவ்வொரு சிறு செயலை நாள்தோறும் செய்து வந்தனர். அது தன்னியல்பாக நிகழும் நிலையை எய்த, நடுத்தரமாக 66 நாட்கள் சென்றன. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்பது கணிப்பு. இடையே ஒருநாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அவர்கள் கண்டது. சித்திரை முதல்நாள் தொடங்கியவருக்கு 66 ஆம் நாள் ஆனி மாதத்து முதற் கிழமையிலேதான் வரும். நாமோ வைகாசி பிறக்குமுன்பே எம்மீது தீர்ப்பெழுதி விடுகின்றோம்.

சென்ற புத்தாண்டில் பழைய வாசகத்தை விட்டு, இவ்வாறு எழுதினோம்: "வெள்ளிக்கிழமை மாலை, விளக்கேற்றியபின், அம்மாவின் சாய்மனைக் கதிரைக்கு அருகில், ஒரு கேள்வி." எமது அன்னையாருக்கு அப்போது 76 வயது. முதல் வெள்ளியன்று, மலாயாவுக்குப் புகையிரதப் பகுதி உத்தியோகத்துக்குப் போன அவரது அம்மானின் பெயரைக் கேட்டோம். நெடுநேரம் கூரையைப் பார்த்திருந்தார். பின், "இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், தம்பி" என்றார்.

அன்று இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எனினும் அடுத்த வெள்ளியும் கதிரைக்கு அருகிற் போய் அமர்ந்தோம். அன்று ஒடியற்கூழுக்கு மா ஊறவைக்கும் முறை கிடைத்தது. பின்னொரு நாள், வீட்டுக்குப் பின்னாலிருந்த மூன்று தோட்டக் காணிகளின் பெயர்கள். சில வெள்ளிகளில் அவர் பேச விரும்பவில்லை. சிலவற்றில் நாமே பரீட்சைத் தாள் திருத்தும் சாட்டில் தவறினோம். இவ்வருடம் கணக்கெடுத்தபோது, 52 வெள்ளிகளில் 38 இற்குக் குறிப்பு இருந்தது. 14 பக்கங்களில் தேதி மட்டுமே இருந்தது. அம்மானின் பெயருக்காக முதற் பக்கத்தில் விட்ட இடம் வெறுமையாகவே இருக்கின்றது.

வரும் வெள்ளிக்குரிய கேள்வியைக் கொப்பியில் எழுதிவிட்டோம். பாட்டனாரின் சுருட்டுக் கொட்டிலில், சுருட்டுச் சுற்றுவோர் கேட்கப் பத்திரிகையை உரத்து வாசித்தவர் யார் என்பது அது.