மூன்றரை மணிக்குப் பிறகு

சென்ற மாதம் என் தமக்கை தேவிகுளத்திலிருந்து பாலக்காட்டிற்கு வந்திருந்தாள். இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதையே இல்லையாதலால், இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு மலைவாழ்க்கை அவள் வாயிலாகவே தெரியும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மூத்தவளுக்கு ஒன்பது வயது. இளையவனுக்குப் பதினான்கு மாதம்.

"தம்பி, சின்னவனைப் போடியில் அம்மாவிடம் விட்டுவிடலாமென்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாள். பிறகு மெல்ல மற்றொரு செய்தியும் சொன்னாள். இரண்டு வாரமாக மூத்தவள் பள்ளிக்குப் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாளாம். என்னை உறுத்தியது இந்தச் செய்திதான்.

"அரசாங்க அங்கன்வாடி இருக்கிறதே" என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அவை நடைபெறுகின்றன. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கே இலவச உணவு பெறும் உரிமையை அளிக்கிறது. எனினும் வயதைக் கவனித்தல் வேண்டும். மூன்று வயது நிரம்பிய குழந்தையே பகலில் அங்கே அமர்ந்து உண்டு, ஆடிப் பாடும். அதற்குக் குறைந்த வயதுடைய குழந்தைக்குக் கிடைப்பது வீட்டிற்கு எடுத்துச் செல்லும் சத்துமாவு. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்த்துச் செய்யும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் அது. மாவு கிடைக்கும், பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது.

பெரிய குழந்தைக்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. கேரள அங்கன்வாடி காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை மூன்றரைக்கு மூடுகிறது. தமக்கை எட்டு மணிக்கு மலையேறினால் ஐந்து மணிக்குத்தான் லயத்திற்குத் திரும்புவாள். நடுவிலுள்ள நேரம் யாருடையது? பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்குழந்தையுடையது!

(அங்கன்வாடியில் மலையாளம் பேசுகிறார்களே என்று வருந்தும் தந்தையரும் உளர். மூன்று வயதில் இன்னொரு மொழி வருவது நட்டமன்று. வீட்டில் நாம் தமிழ் பேசினால் போதும்.)

இந்த இடைவெளிக்காகவே 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைகள் காப்பகத்தை நிர்வாகத்தின் கடமையாக்கிற்று. இலங்கைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா என்பார்களே, அதுவே இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள புதிய தொழிற்சட்டத் தொகுப்பும், ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்திற்கு அக்கடமையை விட்டுவைத்திருக்கிறது. சிறிய ஏலத்தோட்டங்களில் வேலை செய்வோர்க்கும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வயற்கூலிகளுக்கும் இவ்வாய்ப்பு இல்லை. அவர்கள், ஆறு மாதக் குழந்தையையும் ஏற்கும் 'பால்னா' காப்பகம் அருகில் உண்டா என்று வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் கேட்டறியலாம்.

"எங்கள் தோட்டத்திலும் காப்பகம் இருக்கிறது, ஆயாதான் பாதி நாள் இருப்பதில்லை" என்றாள் தமக்கை. தோட்டத்தின் பெயரை இங்கே எழுதுவது முறையன்று. ஆனால் காப்பகத்தைக் காலையில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். காலையில் எல்லாக் காப்பகமும் பெருக்கித்தான் இருக்கும். நண்பகலில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். எத்தனை குழந்தைக்கு ஓர் ஆள், பால் காய்ச்சியதா, ஈரத்துணி மாற்றப்பட்டதா என்பவை அப்போது தெரியும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுப்பதற்கென நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள் தாய்க்குச் சட்டப்படி உண்டு. இதைத் தமக்கை அறிந்திருக்கவேயில்லை. பிள்ளை பிறந்தால் தந்தையாகிய எனக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டென்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

பாட்டியிடம் விடுவது பாவமன்று. அவ்வாறு விட்டால் தாய் சேய் பாதுகாப்பு அட்டையைக் கூடவே அனுப்புக. பதினாறாம் மாதம் முதல் போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தடுப்பூசி அதனால் தவறாது. அங்கன்வாடிப் பதிவைப் போஷன் டிராக்கர் மூலம் தமிழ்நாட்டு அங்கன்வாடிக்கு மாற்றித் தரும்படியும் கேட்கவேண்டும். குழந்தைக்கு ஆதார் இல்லாவிடினும் தாயின் ஆதார் போதும்.

தமக்கை ஊர் திரும்பியபின், லயத்துப் பெண்கள் பதினொருவர் கையொப்பமிட்டு ஆயாவைப் பற்றி நிர்வாகத்திற்கு மனுக் கொடுத்தனர். இப்போது ஆயா தினமும் வருகிறாராம். இளையவன் தோட்டத்திலேயே இருக்கிறான். மூத்தவள் திங்கட்கிழமை முதல் பள்ளிக்குப் போகிறாள். பேரனுக்காகத் தொட்டில் கட்டி வைத்த அம்மாவுக்குத்தான் என்மீது மனத்தாங்கல்.