ஓடியவனும் கொன்றவனும்

போர் ஓய்ந்த பிறகு – 11

2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை இலங்கை ராணுவத்தில் பொது மன்னிப்புக் காலம். விடுப்பு வாங்காமல் முகாமை விட்டுப் போய்த் திரும்பாத படையினர் அந்த ஒரு மாதத்துக்குள் வந்து நின்றால் வழக்கு கிடையாது; சட்டப்படி விலகியவர் என்று கணக்கை முடித்து, காகிதம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி விடுபட்டார்கள். இது முதல் தடவை அல்ல. போர் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே இத்தகைய அறிவிப்புகள் அடிக்கடி வந்தன. ஆனால் அன்றைய மன்னிப்பின் பொருள் வேறு: திரும்பி வா, துப்பாக்கியை எடு, தண்டனை இல்லை. ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க ராணுவம் கண்ட வழி அது. கருணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது, ஆள் மிஞ்சியது, மன்னிப்பும் திசை மாறியது. வா, கையெழுத்துப் போடு, போ.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இலங்கை அரசு தன் ராணுவத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடத்தியதே இல்லை. வயல் பொய்த்துப்போன சிங்களக் கிராமங்களில் ராணுவச் சம்பளம்தான் நிச்சயமான வருமானம் என்பதால் இளைஞர்கள் தாமாகவே வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று கட்டாயப்படுத்திப் பிடித்தது எதிர்த்தரப்பு. 2006-க்குப் பிறகு வன்னியில் விடுதலைப் புலிகள் நடத்திய ஆள்சேர்ப்பை அங்குள்ள சனம் ‘பிள்ளை பிடிக்கிறாங்கள்’ என்றுதான் பேசிக்கொண்டது. கல்யாணமானவர்களை முதலில் விட்டுவைத்தார்கள் என்பதால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி ஏறியது. பதுங்குகுழியிலும் காட்டிலும் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். வன்னியை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் புலிகளின் அனுமதிச் சீட்டு வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணையாக இருக்க வேண்டும். 2008-இன் கடைசியில் வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கும் போய், இரண்டாவது பிள்ளையையும் கேட்டார்கள். போர்க்காலத்தில் பதிவான சிறார் சேர்ப்பு மட்டும் 6,000-க்கு மேல் என்று யுனிசெப் ஆவணங்கள் காட்டுகின்றன. மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு இதையெல்லாம் அந்த நாட்களிலேயே எழுதிவைத்தது. தமிழ்நாட்டில் அதைப் படித்தவர்கள் மிகக் குறைவு.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த சனம் ராணுவத்தின் ஓமந்தைச் சாவடியில் நிறுத்தப்பட்டபோது ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு ஓடியது. இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பெயரைச் சொல்லிப் பதிய வேண்டும். முன்னால் வந்தவர்களில் இருபது வருடம் களத்தில் நின்றவர்களும் இருந்தார்கள், இருபது நாளுக்கு முன்னால் வீட்டிலிருந்து இழுத்துவரப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் அறுநூறு பேர் அளவுக்குச் சிறார்கள். பெரும்பாலோர் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார்கள் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் குற்றத்துக்காக உள்ளே போனார்கள், எந்தத் தீர்ப்பின்படி வெளியே வந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நீதிமன்றம் தண்டிக்கவும் இல்லை, அரசு மன்னிக்கவும் இல்லை. ஆகவே கணக்கு முடியவும் இல்லை. விசாரணைக்கு வா என்று எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்பலாம். 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்குக் கை கொடுத்தது. முகாமை விட்டு ஓடிய சிங்களச் சிப்பாய்க்குக் கிடைத்த அந்த ஒற்றைக் காகிதம், இழுத்துச் செல்லப்பட்ட வன்னிப் பிள்ளைக்கு இன்றுவரை இல்லை.

இதே நாட்டில் வேறு யார் யாருக்கு மன்னிப்புக் கிடைத்தது? 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் மிருசுவிலில் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போனார்கள். அவர்களில் எட்டுப் பேரைக் கழுத்தறுத்துப் புதைத்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. அந்த வழக்கில் ராணுவ வீரர் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015-இல் கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச் 26 அன்று, உலகமே கொரோனாவில் முடங்கிக் கிடந்த வாரத்தில், ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுவித்தார். இன்னொன்று: கிழக்கு மாகாணத்தில் புலிகளின் தளபதியாக இருந்தபோது சிறாரைப் படையில் சேர்த்தார் என்று குற்றம் சாட்டப்பட்ட கருணா, 2004-இல் இயக்கத்திலிருந்து பிரிந்தார். 2009 மார்ச்சில் அமைச்சராகப் பதவியேற்றார். பிடித்துக்கொண்டு போனவருக்கு அமைச்சர் பதவி, பிடிபட்ட பிள்ளைக்குப் புனர்வாழ்வு முகாம்.

என் வாதம் இதுதான். போரிலிருந்து விலகியவனுக்கும், தப்பியவனுக்கும், இழுத்துச் செல்லப்பட்டவனுக்கும் தருகிற மன்னிப்பு பொதுவானதாக, சட்டத்தில் எழுதப்பட்டதாக, ஆளாளுக்கு விசாரணை இல்லாததாக இருக்க வேண்டும். போரில் நிராயுதபாணிகளைக் கொன்றவனுக்கும் வதைத்தவனுக்கும் பொது மன்னிப்பு கூடவே கூடாது. அவன் இடம் நீதிமன்றம். இலங்கை இந்த இரண்டையும் தலைகீழாகப் புரட்டிப்போட்டிருக்கிறது.

இந்தக் கோட்டை வரைவது முடியாத காரியம் என்பவர்கள் 1945-ஐப் பார்க்கலாம். ஜப்பானியரிடம் பிடிபட்டு, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்கள் ஆங்கிலேய அரசின் கண்ணில் படையைக் கைவிட்டு எதிரியோடு சேர்ந்தவர்கள். அதைவிடப் பெரிய குற்றம் ராணுவச் சட்டத்தில் கிடையாது. செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் நிறுத்தப்பட்டார்கள். நாடு கொதித்தது. தீர்ப்பு ஆயுள்காலத் தீவாந்தரம். 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்தார், பதவிநீக்கத்தை விட்டுவைத்தார். அதற்கு முன்பே அரசு ஒரு முடிவுக்கு வந்திருந்தது: அரசருக்கு எதிராகப் போர் தொடுத்தார் என்பதற்காக மட்டும் இனி யாரையும் நிறுத்துவதில்லை, சக போர்க்கைதிகளைக் கொடுமைப்படுத்தியவர்கள் மீது மட்டுமே வழக்கு. கேப்டன் அப்துல் ரஷீதுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது அந்த வகையில்தான். அதை எதிர்த்துக் கல்கத்தா பற்றி எரிந்தது என்பது வேறு கதை. ஏகாதிபத்திய அரசு நல்லெண்ணத்தில் இதைச் செய்யவில்லை, ராணுவத்துக்குள்ளேயே நெருப்புப் பிடிக்கும் என்ற பயத்தில் செய்தது. ஆனாலும் கோடு சரியான இடத்தில் விழுந்தது. பின்னால் சுதந்திர இந்தியா அவர்களைப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, 1972 திட்டத்தில் தியாகிகள் ஓய்வூதியம் கொடுத்தது.

ஆளாளுக்கு விசாரித்துத் தரும் மன்னிப்பு ஏன் கூடாது என்பதற்கு அமெரிக்காதான் பாடம். வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களுக்கும் படையை விட்டு ஓடியவர்களுக்கும் 1974 செப்டம்பர் 16 அன்று ஜனாதிபதி ஃபோர்டு ஒரு திட்டம் அறிவித்தார். மனுப் போட வேண்டும், விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும், இரண்டு வருடம் வரை பொதுச்சேவை செய்ய வேண்டும். இதற்கு எட்டே நாள் முன்னால்தான் அவர் நிக்சனுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் முழு மன்னிப்பு வழங்கியிருந்தார். லட்சம் பேருக்கு மேல் தகுதி இருந்தும் ஐந்தில் ஒருவர்தான் மனுப் போட்டார். தான் செய்தது சரியென்று நம்புகிறவன் மன்னிப்பு மனு எழுத மாட்டான்; எழுதப் படிக்கத் தடுமாறுகிறவனுக்கு அப்படி ஒரு மனு இருப்பதே தெரியாது. 1977 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாளே, கார்ட்டர் ஆளை விட்டுவிட்டு வகையை மன்னித்தார். 1964 ஆகஸ்ட் முதல் 1973 மார்ச் வரை கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை வன்முறையின்றி மீறியவர்களுக்கு ஒரே கையெழுத்து. ஆனால் சீருடை போட்ட பிறகு ஓடியவர்களை அவர் சேர்க்கவில்லை. அதில்தான் பிழை. கல்லூரியில் படித்த நடுத்தர வர்க்கத்துப் பையன் போர் தப்பு என்று முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொண்டு கனடாவுக்குப் போனான். ஏழைப் பையன் அதைக் களத்துக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டான். முதலாமவனுக்கு மன்னிப்பு, இரண்டாமவனுக்கு இல்லை.

ஜெர்மனியும் இதே குட்டையில் ஐம்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. ஹிட்லரின் ராணுவ நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகள் சுமார் 30 ஆயிரம். 1998-இல் நாஜித் தீர்ப்புகளை ரத்து செய்து சட்டம் வந்தபோதும், படையை விட்டு ஓடியவர்கள் மட்டும் தனித்தனியாக மனுப் போட வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். 2002-இல்தான் மொத்தமாக ரத்தானது. பிரிட்டன் முதல் உலகப் போரில் கோழை என்றும் ஓடியவன் என்றும் சொல்லிச் சுட்டுக் கொன்ற தன் சிப்பாய்கள் 306 பேரை 2006-இல் மன்னித்தது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் அவர்களுக்கான நினைவிடத்தில் 306 மரக் கம்பங்கள், நடுவில் கண் கட்டப்பட்ட ஒரு பையனின் சிலை. பதினேழு வயதில் சுடப்பட்ட ஹெர்பர்ட் பர்டன் அதற்கு மாதிரி. ஆனால் அதே சட்டம், இந்த மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்றும் ஒரு வரி எழுதிவைத்தது. செத்தவனை மன்னிப்பதில்கூட அரசாங்கங்களுக்கு இத்தனை தயக்கம்.

ஓடியவனை மன்னித்தால் நின்று செத்தவனின் தாய்க்கு என்ன பதில் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவளுக்கு அரசு தர வேண்டியது ஓய்வூதியம், மரியாதை, மகன் எப்படிச் செத்தான் என்ற உண்மை. இன்னொருத்தியின் மகனைச் சிறையில் போடுவது இதில் எதற்கும் ஈடாகாது. அடுத்த போருக்கு யார் வருவார்கள் என்ற கேள்விக்கு இலங்கையே பதில். அத்தனை மன்னிப்பு அறிவிப்புகளுக்கு நடுவிலும் 2009-இல் அதன் ராணுவம் இரண்டு லட்சத்தை நெருங்கி நின்றது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சில வருடத்துக்கு ஒருமுறை மன்னிப்பு வரும் என்று தெரிந்தால் சிப்பாய் அதற்காகவே காத்திருப்பான். 2024-இன் மன்னிப்பு 2023 கடைசி வரை போனவர்களையும் சேர்த்துக்கொண்டது. அவர்களில் பலர் போருக்குப் பயந்து போனவர்கள் அல்லர், சம்பளம் கட்டுப்படியாகாமல் போனவர்கள். இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றியது தவறு. போருக்கான மன்னிப்பு போர் முடிந்ததும் ஒரே தடவை, தேதி குறித்து, சட்டமாக வந்திருக்க வேண்டும். ஓடியவர்களில் சிலர் கூலிக்குக் கொலை செய்யும் கும்பல்களில் இருக்கிறார்கள் என்பதும் மெய்யே. கொலைக்கு வழக்குப் போடட்டும், திருடிய துப்பாக்கிக்கு வழக்குப் போடட்டும். விடுவிப்புக் காகிதம் இல்லாதவனுக்கு முறையான வேலை யாரும் தர மாட்டார்கள்; அவனைக் கும்பலின் பக்கம் தள்ளுவதில் அதற்கும் பங்கு உண்டு.

தமிழ்ப் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம்தான் கடினமானது. கட்டாய ஆள்சேர்ப்பைப் பேசினால் விரும்பிப் போய் உயிர் கொடுத்தவர்களை அவமதிப்பதாகும், எதிரிக்கு வசதியாகும் என்கிறார்கள். விரும்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், யாரும் மறுக்கவில்லை. இன்றைக்கு உட்கார்ந்து இவன் விரும்பிப் போனான், இவன் இழுபட்டான் என்று பிரிக்க யாராலும் முடியாது. பிரிக்கப் போனால் சாட்சி சொல்வதே புதுப் பகையாகும். மன்னிப்பு வகைக்கு வேண்டும், ஆளுக்கு வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஆனால் நம் மேடைகளில் இந்த விஷயத்தை வாய் திறக்காமல் இருப்பது விரும்பிப் போனவர்களைக் காப்பாற்றவில்லை, இழுபட்டவர்களைத்தான் அநாதையாக்கியிருக்கிறது.

கே.ஜி.கண்டிகையிலும் திருத்தணியிலும் இருக்கிற வாசகர்களுக்கு இது கடல் கடந்த கதையாகத் தோன்றலாம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்காக ம.பொ.சி., மங்கலங்கிழார் பின்னால் மறியல் செய்து சிறை போனவர்கள் அன்றைய சட்டத்தின் கணக்கில் குற்றவாளிகள். பின்னால் தமிழ்நாடு அரசு எல்லைக் காவலர் என்று உதவித்தொகை கொடுத்தது. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில்தான் கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குண்டுக்குப் பயந்து வந்தவர்களோடு, பிள்ளையைப் புலிகளிடமிருந்தும் ராணுவத்திடமிருந்தும் சேர்த்தே காப்பாற்ற வந்தவர்களும் அவர்களில் உண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் படகேறியது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் குற்றம். 2025-இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு பலாலி வழியாக ஊர் திரும்பிய ஒரு முதியவரை, முன்பு சட்டவிரோதமாக வெளியேறினார் என்று சொல்லி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் விட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய உள்துறை அமைச்சகம், 2015 ஜனவரி 9-க்குள் இங்கு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகள் பாயாது என்று உத்தரவிட்டது. மனு இல்லை, விசாரணை இல்லை, தேதி குறித்து ஒரு வகைக்குத் தந்த விலக்கு. முறை சரி, அளவு போதாது: குடியுரிமைக்கு அதில் வழியில்லை. டெல்லி அந்த வழியைத் திறக்க வேண்டும். கொழும்பு தன் பங்குக்கு, போர்க்காலத்தில் நாட்டை விட்டு வெளியேறியதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, ஓமந்தையில் பெயர் பதிந்த ஒவ்வொருவருக்கும் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த அதே காகிதத்தைக் கொடுக்க வேண்டும்.

(தொடரும்)