கோடு எத்தனை?

திருப்பூரில் விடிகாலையில் இரண்டு சிக்கல்கள் பக்கத்துப் பக்கத்தில் உருவாகின்றன. வாசலில் கோலமாவுக் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னையே வெட்டிக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. நாலு வீடு தள்ளி, இரவு ஷிப்ட் ஓடும் நிட்டிங் கம்பெனியில் நூல் தன்னைத் தானே கோத்துக்கொண்டு பனியன் துணியாக இறங்குகிறது. இரண்டையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இதில் மொத்தம் எத்தனை இழை?

கோலத்துக்கான பதில் ஆறாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என்று புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே எங்கும் கோடுகள் குறுக்கே கடக்கட்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்பட்டும். கேரம் பலகையில் சாய்வாக விட்ட ஸ்டிரைக்கர் சட்டத்தில் மோதி மோதித் திரும்புவதைப் போலக் கோடு ஓடும். பதினைந்து புள்ளிகளையும் ஒரே கோடு சுற்றி முடித்துவிடும். நாலுக்கு ஆறு என்று வைத்தால் இரண்டு கோடு வேண்டும். நாலுக்கு நாலு என்றால் நான்கு. வரைந்து பார்க்கவே தேவையில்லை. இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், அதாவது மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, கோடுகளும் அத்தனைதான்.

இதே விதி கடல் கடந்து அயர்லாந்திலும் செல்லும். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள கெல்ஸ் புத்தகம் கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தது. அதன் தோல் ஏடுகளில் துறவிகள் தீட்டிய கெல்ட்டிக் பின்னல்களும் கட்டங்களின் மேல் ஓடும் கோடுகளே. அதற்கும் ஒரு நூற்றாண்டு மூத்த லிண்டிஸ்ஃபார்ன் ஏட்டில், அலங்காரப் பக்கத்தின் பின்புறத்தில் கட்டக் கோடுகளும் காம்பஸ் முனை குத்திய துளைகளும் இன்றும் தெரிகின்றன. நம் வாசலில் புள்ளி கடைசிவரை கண்முன் நிற்கும். அவர்கள் அதை ஏட்டின் முதுகில் ஒளித்துவைத்தார்கள். முடிவில்லாத முடிச்சு என்றால் நித்தியம், காதல் என்றெல்லாம் இப்போது நகைக்கடைகள் சொல்கின்றன. வரைந்தவர்கள் அப்படி ஒரு குறிப்பும் எழுதிவைக்கவில்லை.

நாலுக்கு நாலில் நான்கு கோடு வருகிறதே, ஒரே கோடாக்க முடியாதா? முடியும். இரண்டு வெவ்வேறு கோடுகள் கடக்கும் இடம் ஒன்றைத் தேர்ந்து, அங்கே கடக்கவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிடுங்கள். இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். சரியான மூன்று இடங்களில் இதைச் செய்தால் நான்கும் ஒன்றாகும். ஒரே கோடு தன்னைத் தானே கடக்கும் இடத்தில் செய்தாலோ, அது இரண்டாகப் பிரிந்துவிடவும் கூடும். கோலம் போடும் பெண்கள் கைப்பழக்கத்தில் செய்யும் இந்தத் திருப்பம்தான் கெல்ட்டிக் பின்னலின் அடிப்படை உத்தியும். இரண்டு மரபும் ஒன்றையொன்று பார்த்ததற்குத் தடயம் இல்லை. அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் வரையும் சோனா ஓவியங்களும் இதே வழியில் போகின்றன. அவற்றின் கணக்கை பாவ்லுஸ் கெர்டஸ் என்ற மொசாம்பிக் கணிதவியலாளர் விரிவாக ஆராய்ந்தார்.

கோலத்தைக் கணினியின் கண்ணால் முதலில் பார்த்தவர்களில் நம்மவர்கள் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-இல் கோலத்துக்கு ‘அணி இலக்கணம்’ எழுதினார்கள். சொற்களைக் கோத்து வாக்கியமாக்க விதி இருப்பதுபோல, வரிசையும் நிரலுமாகப் படத்தை வளர்த்துக்கொண்டு போகும் விதித் தொகுப்பு அது. சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் பிறப்பதைச் சில விதிகளில் அடக்கலாம் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கெல்ட்டிக் பின்னலில் இன்னொரு படி உண்டு. கோடு ஒரு சந்திப்பில் மேலே போனால் அடுத்ததில் கீழே, பிறகு மேலே என்று மாறி மாறிப் போகும். நீங்கள் போட்ட சிக்குக் கோலத்திலும் இதைச் செய்து பாருங்கள், எங்கேயும் இடிக்காது. மூடிய கோடு ஒரு சந்திப்பை விட்டு மறுபடி அங்கே வருவதற்குள் கடக்கும் சந்திப்புகள் எப்போதும் இரட்டைப்படைதான். அதனால் மேல் கீழ் முறை தானாகப் பொருந்திவிடும். திருப்பிப் போட்டாலே மறைந்துபோகும் வெற்று முறுக்குகள் இல்லாதவரை, இப்படி மாறி மாறிப் போகும் முடிச்சை எப்படிப் புரட்டினாலும் ஒரு சந்திப்பைக்கூடக் குறைக்க முடியாது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டெய்ட் 19-ஆம் நூற்றாண்டில் ஊகித்த இது, 1987-இல்தான் நிரூபணமானது.

இனி பனியன் கம்பெனிக்குள் போவோம். அங்கே நடப்பது நேர் எதிர்.

பின்னல் மெஷினின் ஊசி நுனியில் ஒரு கொக்கி, அதன்மேல் மடங்கும் சின்னத் தாழ். ஊசி எழும்பும்போது பழைய கண்ணியே தாழைத் தள்ளித் திறக்கிறது. கொக்கி புது நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, அதே கண்ணி தாழை மூடிவிட்டு மேலேறிக் கழன்றுகொள்கிறது. கதவைத் திறக்கவும் மூடவும் தனி ஆள் இல்லை! இங்கிலாந்தின் லெஸ்டரைச் சேர்ந்த மாத்யூ டவுன்செண்ட் 1849-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

30 அங்குல டயா, 24 கேஜ் மெஷின் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. சுற்றிலும் 2,260 சொச்சம். 90 ஃபீடரில் 90 நூல் ஊட்டினால், ஒரு சுற்றில் இரண்டு லட்சம் கண்ணி. நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் ஐம்பது லட்சம். ஆக, எத்தனை இழை என்ற கேள்விக்கு இங்கே பதில் 90. குழாயாக இறங்கும் அந்தத் துணியில் 90 நூல்களும் ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகு வடிவில் ஏறுகின்றன. துவைத்த டி-ஷர்ட்டின் பக்கத் தையல் முன்னால் நகர்ந்து வருவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம்; நூலின் சொந்த முறுக்கு பெரிய காரணம்.

இத்தனை கண்ணிகளில் ஒரு முடிச்சுகூட இல்லை. முனையை இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து வெறும் நூலாகிவிடும். துணியைப் பிடித்து வைத்திருப்பது நூலுக்கும் நூலுக்கும் இடையிலான உராய்வும், வளைந்த நூல் நிமிரப் பார்க்கும் விறைப்பும்தான். பனியன் இழுபடுவதும் இதனால்தான்: பருத்தி நூல் அதிகம் நீளாது, கண்ணியின் வடிவம் மாறிக் கொடுக்கிறது.

முன்னும் பின்னுமாகக் கண்ணி மாறும் ரிப் துணியில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியை மேலிருந்தும் பிரிக்கலாம், கீழிருந்தும் பிரிக்கலாம். ரிப்பில் ஒரு பக்கம் பிரியும், மறு பக்கம் எவ்வளவு இழுத்தாலும் இறுகிக்கொள்ளும். ஒரு துண்டை வெட்டி இரண்டு முனையிலும் இழுத்துப் பாருங்கள். பிரிகிற பக்கம் எதுவோ, அதுதான் மெஷின் கடைசியாகப் பின்னியது.