கறுப்புக் கோட்டு – 17: வாய்தா தேதி

“சார், தெலுங்கு படிப்பீங்களா?”

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை. கேட்டவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. பைக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தார். உறைக்குள் நாலாக மடித்த காகிதம். அதை பெஞ்சில் விரித்து, பறக்காமலிருக்க ஓரத்தில் டீ கிளாஸை வைத்தார்.

எனக்குத் தெலுங்கு பேசினால் பாதி புரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

“பரவால்ல சார். தேதி மட்டும் பார்த்துச் சொல்லுங்க. தம்பிக்கு வாய்தா என்னிக்குன்னு தெரிஞ்சா போதும்.”

காகிதத்தில் நாலு தேதிகள் இருந்தன. எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். ஆனால் எது கைதான தேதி, எது ஜாமீன் கொடுத்த தேதி, எது அடுத்த வாய்தா என்று சுற்றிலும் இருந்த எழுத்தைப் படித்தால்தானே தெரியும்? போனில் படம் எடுத்து சித்தூரிலுள்ள நண்பருக்கு அனுப்பினேன். சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. படம் சுற்றிக்கொண்டே நின்றது. “போகட்டும் சார், மெதுவா போகும்” என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

வழக்கறிஞர் தொழிலில் யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளைத்தான் இந்தத் தொடரில் பார்த்து வருகிறோம். அவற்றில் ஒன்றான செம்மர வழக்குக்கு ஜவ்வாது மலையில் கட்சிக்காரர்கள் ஏராளம். வக்கீல்கள் இருப்பதோ மாநிலம் தாண்டி, திருப்பதியிலும் சித்தூரிலும் கடப்பையிலும்.

செம்மரம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. ஆந்திராவின் சேஷாசலம் காடு அதன் தாய்வீடு. வாங்குகிறவர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். இடையில் எத்தனையோ கைகள். கடைசிக் கை, கோடாரி பிடிக்கிற கை, ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் சித்தேரியிலிருந்தும் போகிறது. இந்த மலைக்காரர்களுக்கு மரம் புதிதல்ல. ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பெயர்போன மலை இது. இந்த வட்டாரத்துச் சந்தனக் கட்டைகள் திருப்பத்தூர் அரசு கிடங்கில் ஏலம் போகும். சாமை அறுத்து முடிந்தபின் மலையில் வேலை கிடையாது. மேஸ்திரி வந்து முன்பணத்தைக் கையில் வைப்பான். பஸ் ஏறுவார்கள். மரத்தை விற்றவனும் வாங்கியவனும் குற்றப்பத்திரிகையில் அபூர்வமாகத்தான் தென்படுவார்கள். சுமந்தவன் பெயர் மட்டும் தவறாமல் இருக்கும்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு வழக்கில் மட்டும் கைதான தமிழ்க் கூலிகள் 280 பேருக்கு மேல். பலர் இரண்டு வருஷத்துக்கும் அதிகமாக ஜாமீன் இல்லாமல் உள்ளே கிடந்தார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அவ்வளவு பேரும் ஒரே வழக்கில் குற்றவாளிக் கூண்டுக்குரியவர்கள் என்றால், கூண்டு என்ன, கோர்ட் வராந்தாகூடப் போதாது. பெயர் கூப்பிட்டு முடிக்கவே எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர்கள் பக்கம் நின்றவர்களில் ஒருவர் திருப்பதி வழக்கறிஞர் கிராந்தி சைதன்யா. ஆந்திரப் பிரதேச குடிமை உரிமைக் குழுவைச் சேர்ந்தவர். தெலுங்கு வக்கீல், தமிழ்க் கட்சிக்காரர்கள், கொல்லப்பட்டதோ சொந்த மாநிலத்து அதிகாரிகள். உள்ளூரில் பெயர் வாங்கித் தருகிற வேலையா இது?

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. சேஷாசலம் அடிவாரத்தில் இரண்டு இடங்களில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தவர் பாதிக்கு மேல், மற்றவர்கள் தருமபுரி, சேலம். காட்டில் மரம் கடத்தியபோது நடந்த மோதல் என்றது ஆந்திர அதிரடிப்படை. முந்தைய நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பியவர்கள். அப்படித் தப்பிய ஒருவர் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். கணவன் மனைவி என்று நினைத்து அவரை விட்டுவிட்டார்கள். ஒரு சீட்டு மாறி உட்கார்ந்ததில் ஓர் உயிர்.

சாட்சி உயிரோடிருந்தால் மட்டும் போதாது, அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய் வாக்குமூலம் கொடுக்க வைக்கவேண்டும். அந்த வேலையை எடுத்துக்கொண்டது மதுரை வழக்கறிஞர் ஹென்றி டிபேனின் மக்கள் கண்காணிப்பகம். சாட்சிகள் டெல்லிக்குப் போய் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னால் பேசினார்கள். இன்னொரு பக்கம், கணவனை இழந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றப் படியேறினார். அடக்கம் செய்யாமல் வைத்திருந்த உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை வேண்டும் என்பது கோரிக்கை. குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்குவதுதான் வக்கீலின் திறமை என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இங்கே திறமை என்பது ஒரு சாட்சியை டெல்லிவரை உயிரோடு கூட்டிப்போவது.

கொலை, மோதல் எல்லாம் செய்தித்தாளில் வரும். செம்மர வக்கீலின் அன்றாடம் அப்படி ஒன்றும் பரபரப்பானதல்ல. முதல் தலைவலி மொழி. எஃப்.ஐ.ஆர். தெலுங்கில். கையெழுத்துப் போட்டவருக்குத் தமிழே தடவித் தடவித்தான். அடுத்தது இன்னொரு கேஸ். ஒன்றில் ஜாமீன் கிடைத்து கதவு திறக்கும் நேரத்தில், பி.டி. வாரண்ட் (உள்ளே இருப்பவரை வேறு கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) போட்டு வேறு வழக்கில் கைது காட்டிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இதையெல்லாம் தாண்டி ஜாமீன் உத்தரவு கைக்கு வந்தால், அதைவிடப் பெரிய மலை ஒன்று எதிரில் நிற்கும். ஜாமீன்தாரர்.

இரண்டு பேர் ஜாமீன் நிற்கவேண்டும் என்பார் ஜட்ஜ். அவர்களுக்குச் சொத்து இருக்கவேண்டும். சொத்துக்குப் பத்திரம் வேண்டும், மதிப்புக்குச் சான்று வேண்டும். ஆந்திராவில் கூலிக்குப் போனவனுக்கு அங்கே யார் நிற்பார்கள்? ஊரிலிருந்து கூட்டிவரலாம். ஆனால் காட்டை ஒட்டிய நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள் மலையில் நிறையப் பேர். வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது நின்று, 2016-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை விலகியது. தாத்தா காலத்திலிருந்து உழுகிற மண்ணைக் காட்டி தம்பியை வெளியே எடுக்க முடியாது. அப்போதும் மேஸ்திரிதான் வருவான், ஆள் ஏற்பாடு செய்வான், செலவைக் கடன் கணக்கில் எழுதிக்கொள்வான். அந்தக் கடனை அடைக்க மறுபடியும் எந்தக் காட்டுக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு ஒரு தீர்ப்பு 1978-லேயே வந்துவிட்டது. மோதி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு. மோதி ராம் ஒரு ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும் அவரால் வெளியே வரமுடியவில்லை. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் நிற்க வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யருக்கு வந்த கோபம் அந்தத் தீர்ப்பின் வரிக்கு வரி தெரியும். வெளியூர்க்காரன் ஜாமீன் செல்லாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, ஒரு தமிழனோ தெலுங்கனோ தன் மொழி பேசாத ஊரில் கைதானால் அவன் கதி என்ன என்று கேட்டார். ஜவ்வாது மலைக்காரரின் மஞ்சப்பையைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும்.

கிருஷ்ணய்யருக்கு எப்படி இது தெரிந்தது என்றால், அவர் வந்த வழி அப்படி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படிப்பு. தலச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் வக்கீல். 1948-ல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று ஒரு மாதம் சிறை. 1952-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினர். 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் மந்திரி, சிறைத்துறையும் அவரிடம். பிறகு மறுபடியும் வக்கீல், உயர் நீதிமன்ற நீதிபதி, 1973-ல் உச்ச நீதிமன்றம். ஜெயிலில் இருந்தவர், ஜெயிலுக்கு மந்திரியாக இருந்தவர், ஜெயிலுக்கு அனுப்புகிற நாற்காலியில் உட்கார்ந்தவர். இப்படி மூன்று பக்கமும் பார்த்த இன்னொரு நீதிபதியின் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தீர்ப்பு வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆளுக்குத்தான் பஞ்சம்.

மலையிலிருந்தே ஒரு ஆள் வந்தால்?

வந்தார். வக்கீலாக அல்ல, நீதிபதியாக. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி. மலையாளிப் பழங்குடி. (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் சொல்லும் கதை.) ஏலகிரி மலையில் பள்ளிக்கூடம், பிறகு சட்டப் படிப்பு. 2023-ல் டி.என்.பி.எஸ்.சி. 245 உரிமையியல் நீதிபதி பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. நவம்பரில் சென்னையில் முதன்மைத் தேர்வு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. காரில் 200 கிலோமீட்டருக்கு மேல் போய் எழுதினார். நாலு தாள். அதில் ஒன்று மொழிபெயர்ப்பு. சாட்சியமும் தீர்ப்பும் ஆவணமும் கொடுத்து, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றச் சொல்வார்கள். 2024 பிப்ரவரியில் அவர் தேறிய செய்தி வெளியே வந்தபோது அவருக்கு வயது 23. முதலமைச்சர் வாழ்த்தினார், பத்திரிகைகள் எல்லாம் பிரசவத்தைத் தலைப்பாக்கின.

எனக்கென்னவோ அந்த 23-தான் பெரிய செய்தி. படிப்பு முடித்த கையோடு நீதிபதி நாற்காலிக்குப் போக முடிந்ததே, அந்த வழி இப்போது இல்லை.

மூன்று வருஷம் வக்கீலாக இருந்தால்தான் கீழ் நீதிமன்ற நீதிபதி ஆகலாம் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல மாணவர்கள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று 2002-ல் அதை எடுத்துவிட்டது. 2025 மே 20-ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு மறுபடியும் கொண்டுவந்துவிட்டது. பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீலிடம் சான்று வாங்கவேண்டும். இனி வரும் தேர்வுகளுக்குத்தான் பொருந்தும் என்பதால் ஏற்கெனவே தேறியவர்களுக்குப் பாதிப்பில்லை.

உச்ச நீதிமன்றம் சொல்லும் காரணத்தைத் தள்ளமுடியாது. கோர்ட்டில் ஒரு நாள்கூட நின்று வாதாடாதவர் திடீரென்று மேலே உட்கார்ந்தால், வாய்தா கேட்பது நியாயமா நாடகமா என்று பிரிக்கத் தெரியாது. கட்சிக்காரரின் காத்திருப்பும் குமாஸ்தாவின் ஓட்டமும் கீழே நின்றால்தான் தெரியும். பார் ரூமில் யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். ஆனால் அப்பாவும் வக்கீல், அவர் ஆபீஸே வீட்டின் முன்னறை என்கிறவருக்கு மூன்று வருஷம் என்பது மூன்று வருஷம்தான். புலியூரிலிருந்து வருகிறவருக்கு அது வாடகை, சாப்பாடு, பஸ் காசு, “பொண்ணு வேலைக்குப் போயிடுச்சா?” என்கிற கேள்வி. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்கவேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்களுக்குத் தெரிந்த ஜூனியர் யாராவது இருந்தால், எவ்வளவு வாங்குகிறார் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். மூன்று வருஷ விதியைக் கொண்டுவந்தவர்கள் இந்த 15,000-ஐயும் அதோடு சேர்த்துக் கட்டாயமாக்கியிருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன்.

டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். தம்பி நல்லா பனை ஏறுவான், தேன் எடுப்பான் என்றெல்லாம் அவர் சொன்னார். வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வக்கீல் பெயர் கேட்டேன், தெரியவில்லை. மேஸ்திரிக்குத் தெரியும் என்றார். படம் போகவில்லை. என் பஸ் கிளம்பியது. காகிதத்தை அதே மடிப்பில் மடித்து, உறைக்குள் வைத்து, பைக்குள் வைத்தார்.

போளூர் நெருங்கும்போது போன் அதிர்ந்தது. படம் போய்ச் சேர்ந்து பதிலும் வந்திருந்தது. நாலு தேதியையும் நண்பர் தனித்தனியாக எழுதியிருந்தார். கடைசியில் இருந்ததுதான் வாய்தா. அது போய் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அவர் நம்பரை நான் வாங்கியிருக்கவில்லை. டீக்கடையில் ஜிபே பண்ணியது ஞாபகம் வந்து, அந்த நம்பருக்குப் போட்டேன். கடைக்காரருக்கு ஆளைத் தெரிந்திருந்தது.

“அவரு கிளம்பிட்டாரு சார். அவங்க ஊருக்கு நடந்துதான் போகணும். சந்தைக்கு வருவாரு, சொல்லிடறேன்.”

(தொடரும்)