விளக்கை அணையுங்கள், ஆமை வருகிறது!

நண்பகல் வெயிலில் நடந்து வந்து, படம் தொடங்கிவிட்ட திரையரங்கினுள் நுழைந்திருக்கிறீர்களா? முதலில் ஒன்றும் தெரியாது. யாருடைய காலையாவது மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்போம். கால்மணி நேரம் சென்றால் பக்கத்து வரிசையில் இருப்பவரின் முகம்கூடத் தெரியும். அரங்கின் இருட்டு குறையவில்லை. நம் கண்தான் மாறிவிட்டது. இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் நடத்தி வருகிறேன். ஆனால் அதை நான் சரியாகக் கற்றுக்கொண்டது சென்னைக் கடற்கரையில், ஒரு மார்ச் மாத நள்ளிரவில், என் மாணவர்களின் வயதே உடைய ஓர் இளைஞரிடம்!

அன்று மாணவர்கள் பன்னிரண்டு பேருடன் ஆமை நடைக்குப் போயிருந்தேன். ஆமை நடை என்றதும் மெதுவாக நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர், அதுவும் கால் புதையும் மணலில்! மறுநாள் என் கெண்டைக்கால்கள் அதை நன்றாக நினைவூட்டின.

சென்னைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் கடல் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். முதுகோடு சுமார் 60, 70 சென்டிமீட்டர் நீளம். எடை ஏறத்தாழ 40 கிலோ. ஒரு முறைக்கு நூறு முட்டைக்கு மேல்கூட இடும். மனிதர்களும் நாய்களும் அவற்றைத் தோண்டி எடுத்துவிடுவதைக் கண்டு, சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970-களில் இரவு நேரத்தில் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். 1988-இல் மாணவர்களே கூடி, கடல் ஆமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பை உருவாக்கி அந்தப் பணியைத் தொடர்ந்தனர். பருவகாலத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் அவர்களால் ஏற்பட்டது. சம்பளம் வாங்காத ஆசிரியர்கள் நடத்தும், கூரையில்லாத வகுப்பு அது.

அந்த வகுப்பின் முதல் விதி: டார்ச் அடிக்கக் கூடாது, கைப்பேசி விளக்கும் கூடாது. புறப்படுமுன் எங்கள் வழிகாட்டி இளைஞர் இதை மூன்று முறை சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனாலும், இத்தனை பிள்ளைகளை அழைத்து வந்திருக்கிறோமே, முள்ளோ கண்ணாடித் துண்டோ கிடந்தால் என்ன செய்வது என்று சட்டைப்பையில் ஒரு டார்ச்சை வைத்திருந்தேன்.

நான் செய்த தவறு

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். முதலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தடுமாறியவர்கள், அரை மணிக்குப் பிறகு கையை விட்டுவிட்டார்கள். மணலும் நுரையும் கட்டுமரமும் தனித்தனியாகத் தெரிந்தன.

நம் விழித்திரையில் இருவகைச் செல்கள் உண்டல்லவா? கூம்புச் செல்கள் பகலுக்கு. குச்சிச் செல்கள் இரவுக்கு. குச்சிச் செல்களில் ரொடாப்சின் என்னும் நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். இருட்டில் மீண்டும் முழுமையாக உருவாக அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சேர்ப்பதற்கு அரை மணி. இழப்பதற்கோ ஒரு நொடி! நல்ல பெயரும் இப்படித்தான் என்று எங்கள் பாட்டி சொல்வார்.

அலை ஓரத்தில் கறுப்பாக ஒரு மேடு அசைவதை ஒரு மாணவிதான் முதலில் கண்டாள். பாறையா, படகின் மிதவையா? என் கை தானாகவே சட்டைப்பைக்குள் போய் டார்ச்சை அழுத்திவிட்டது. வெள்ளை ஒளியில் ஓர் ஆமையின் தலையும் ஈரமான முதுகோடும் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த கணம் அது துடுப்புக்காலை வீசித் திரும்பியது. ஓர் அலை வந்து போனபோது அங்கே ஆமை இல்லை. அரைவட்டமாக வளைந்த தடம் மட்டும் இருந்தது.

"சார், டார்ச்சை அணைச்சிடுங்க."

"ஒரே ஒரு நொடிதான் தம்பி..."

"அதுக்கு ஒரு நொடி போதும் சார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. மாணவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. என் புண்ணியத்தால் பதினான்கு பேரின் கண்களும் மறுபடி குருடாகியிருந்தன. அப்படித் திரும்பும் ஆமை பெரும்பாலும் வேறோர் இடத்திலோ மறுநாளோ கரையேறும் என்று அவரே என்னைத் தேற்றினார். ஆனால் வயிறு நிறைய முட்டையுடன் நீந்தி வந்த ஓர் உயிரைத் திருப்பி அனுப்பிவிட்டேனே!

கோல் காட்டிய கூடு

இரண்டு மணி அளவில் நல்ல தடம் ஒன்று கிடைத்தது. டிராக்டர் சக்கரம் போனதுபோல முக்கால் மீட்டர் அகலத்தில் மேலே ஏறி, பின் கடலுக்கே திரும்பியிருந்தது. ஆமை முட்டையிட்டுப் போய்விட்டது. கூடு எங்கே? முட்டையிட்டபின் பங்குனி ஆமை மணலைத் தள்ளி மூடி, உடலை இடமும் வலமும் ஆட்டித் தட்டிக் கெட்டிப்படுத்திவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வழிகாட்டி ஒரு கோலை மணலில் மெதுவாக இறக்கினார். சில இடங்களில் இறங்க மறுத்தது. ஓரிடத்தில் சட்டென்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. காரணம் எளிது. ஆண்டுக்கணக்கில் படிந்த மணலில் துகள்கள் நெருங்கிப் பூட்டிக்கொண்டிருக்கும். தோண்டி நிரப்பிய மணலில் இடைவெளி அதிகம், தடை குறைவு. முட்டையில் குத்திவிடாமல் அந்த மாற்றத்தை மட்டும் விரலால் உணர வேண்டும். அதற்கு எத்தனை இரவுகள் பழகியிருப்பாரோ!

கையால் தோண்டினார். கழுத்து குறுகி அடி அகன்ற குடுவை போன்ற குழி. ஆழம் சுமார் 45 சென்டிமீட்டர். மேசைப்பந்து அளவில் வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினோம்: 112. இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் மேல்பக்கத்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். இந்த வேலையை விடியும் வரை ஒத்திப்போடாமல் இரவோடு இரவாகச் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெசன்ட் நகரில் வேலியிட்ட பொரிப்பகம் ஒன்று உண்டு. அங்கே அதே ஆழத்தில், அதே வடிவில் குழி தோண்டி முட்டைகளைப் புதைக்கிறார்கள். "அதே ஆழம்" ஏன்? மணலின் மேற்பரப்பு பகலில் காலைச் சுடும், இரவில் குளிரும். இந்த ஏற்ற இறக்கம் கீழே போகப் போகத் தேய்ந்துவிடும். ஈரமணலில் தோராயமாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது என்று கொள்ளுங்கள். மேலே 20 டிகிரி வேறுபாடு இருந்தால் 10 செ.மீ. ஆழத்தில் 10, பிறகு 5, பிறகு 2.5. ஆமை தேர்ந்தெடுக்கும் ஆழத்தில் ஒரு டிகிரி அளவுதான் மிஞ்சும். கால்குலேட்டர் இல்லாமலே ஆமை கண்ட விடை இது! அந்த ஒரு டிகிரியும் அற்பமானதன்று. மணல் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஆண்குஞ்சுகள் மிகுதியாகப் பொரிக்கும். மேலே போனால் பெண்குஞ்சுகள் மிகும். புவி வெப்பம் கூடக் கூட இந்தக் கணக்கு என்னாகும் என்பதே ஆமை ஆய்வாளர்களின் கவலை.

கடல் எந்தப் பக்கம்?

ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் முட்டைகள் பொரிக்கும். ஆனால் குஞ்சுகள் உடனே வெளியே வருவதில்லை. மேல்மணல் குளிரும் வரை அடியிலேயே காத்திருக்கும். மணல் குளிர்ந்தால் இரவு வந்துவிட்டது என்று பொருள். பிறகு மொத்தமாக மேலேறி, நேராகக் கடலை நோக்கி ஓடும். தாய் அங்கே இல்லை. வழி சொல்ல யாரும் இல்லை. கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

ஒளிதான் வழிகாட்டி. மின்விளக்கில்லாத கடற்கரையை எண்ணிப் பாருங்கள். கரைப்பக்கம் மணல்மேடும் மரங்களும் வானத்தை மறைத்துக் கறுப்பாக நிற்கும். கடல்பக்கமோ அடிவானம் வரை திறந்திருக்கும். அதோடு, மிகச் சாய்வாக விழும் ஒளியை நீர்ப்பரப்பு ஏறக்குறைய கண்ணாடி போலவே பிரதிபலிக்கும். ஏரிக்கரையில் குனிந்து பார்த்தால் எதிர்க்கரை மரங்கள் தெளிவாகத் தெரிவதும் இதனால்தான். குஞ்சின் கண் மணலிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கடல், விண்மீன் ஒளியில் மின்னும் ஒரு பட்டையாகத் தெரியும். இரு கண்களிலும் விழும் ஒளியைச் சமப்படுத்திக்கொண்டு அந்தப் பட்டையை நோக்கி ஓடும். ஒரு கண்ணை மறைத்தால் வட்டமடிக்கும் என்பதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தவறாத இந்த ஏற்பாட்டை ஒரு தெருவிளக்கு கெடுத்துவிடும். இப்போது வெளிச்சமான பக்கம் ஊர்தான்! குஞ்சுகள் சாலையை நோக்கி ஓடுகின்றன. நாய், காகம், வண்டிச் சக்கரம், காலை வெயில் இவற்றில் ஏதோ ஒன்றில் கதை முடிகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து ஆளாகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஆயிரமும் கடலை அடைந்தால்தானே?

விளக்கின் நிறத்துக்கும் இதில் பங்குண்டு. குஞ்சுகளின் கண் ஊதா, நீலம், பச்சை ஒளிகளை நன்றாக உணரும். சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஓரளவு தேவலை. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு பூசியது. அதில் நீல ஒளி தாராளம். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதால் நானே பாராட்டிப் பாடம் நடத்தும் விளக்கு அது. கடலோரத்தில் மட்டும் என் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கடலோர ஊர்கள் பலவற்றில், ஆமைப் பருவத்தில் கடற்கரையில் ஒளி விழாதபடி விளக்குகளை மறைக்கவோ அணைக்கவோ வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு தகர மூடி போதும், செலவு பெரிதல்ல.

விளக்கு மட்டுமே எதிரி என்று சொல்ல மாட்டேன். இழுவை வலையில் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னையை ஒட்டிய கரைகளில் இறந்து ஒதுங்கின. நாங்களும் வழியில் ஒன்றைக் கண்டோம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நாங்கள் பொரிப்பகத்தை அடைந்தபோது விடிய ஒரு மணி நேரம் இருந்தது. ஜனவரிக் கூடு ஒன்று அன்றிரவு பொரித்திருந்தது. கூடைக்குள் உள்ளங்கை அகலம்கூட இல்லாத கறுப்புக் குஞ்சுகள் சரசரத்தன. அலையிலிருந்து சில மீட்டர் தள்ளி மணலில் விட்டார்கள். சில கடலை நோக்கிப் போயின. மற்றவை தயங்கி நின்று, சாலை விளக்குகளின் பக்கம் திரும்பின.

"சார், உங்க டார்ச் இருக்கா?" என்றார் வழிகாட்டி.

கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. முழங்கால் நீரில் நின்று, கரையை நோக்கித் தாழ்வாகப் பிடிக்கச் சொன்னார். ஊர் வெளிச்சத்தை வெல்ல, கடல்பக்கம் அதைவிடப் பெரிய வெளிச்சம் வேண்டுமாம். மாணவர்கள் இருபுறமும் மூச்சுவிடாமல் நின்றார்கள். திரும்பிய குஞ்சுகள் ஒவ்வொன்றாக மறுபடி திரும்பின. என் டார்ச்சை நோக்கி ஓடி வந்தன. அலை அவற்றைத் தூக்கியபோது ஒன்று என் காலில் முட்டிக்கொண்டு, சுற்றிக்கொண்டு போயிற்று. கூடை காலியானதும் அவர் கையைக் காட்டினார். நான் விளக்கை அணைத்தேன்.